இழுவையா, விசாரணையா?

தமிழில் வரும் துப்பறியும் வெப் சீரிஸ்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. கல்லூரியில் படிக்கும் பேரன் ஒரு கட்சி. நானும் என் மனைவியும் மறு கட்சி. "கதை நல்லாத்தான் இருக்கு தாத்தா, ஆனா சும்மா இழுக்கிறாங்க" என்பது அவன் வாதம். அதனால் அவன் எதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில்தான் பார்க்கிறான். யாராவது இரண்டு பேர் உட்கார்ந்து மெதுவாகப் பேச ஆரம்பித்தால் பத்து விநாடி தள்ளும் பொத்தானை அமுக்கிவிடுகிறான். கட்டை விரலுக்கு ஓய்வே கிடையாது.

அவன் மட்டுமல்ல. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவரும் இதையே சொல்கிறார். "கொலை நடந்துச்சா, யார் செஞ்சான்னு கண்டுபிடிச்சு முடிக்க வேண்டியதுதானே சார்? நடுவுல எஸ்.ஐ. வீட்டுக் கதை, இன்ஸ்பெக்டர் வீட்டுக் கதை எல்லாம் எதுக்கு?"

கேட்க வேண்டிய கேள்விதான். இதற்கு என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெதுவான காட்சிகளில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று இழுவை. அதைத் தள்ளிவிட்டுப் போவதில் தப்பே இல்லை. இன்னொன்றுதான் உண்மையான விசாரணை. அதைத் தள்ளிவிட்டால் கொலைகாரன் பெயர் கிடைக்கும், நடந்தது என்ன என்பது கிடைக்காது.

உதாரணத்துக்கு 'சுழல்' தொடரை எடுத்துக்கொள்கிறேன். 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைமில் வந்தது. புஷ்கர் - காயத்ரி எழுத்து. மொத்தம் எட்டு எபிசோடு. முதல் நான்கை பிரம்மாவும் அடுத்த நான்கை அனுசரணும் இயக்கினார்கள். பிரெஞ்சு உட்படப் பல மொழிகளில் குரல் கொடுத்து வெளியிட்டார்கள். பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்து வளர்ந்தவனுக்கு ஆசை விடுமா? ஒரு எபிசோடை பிரெஞ்சிலும் போட்டுப் பார்த்தேன். பார்த்திபன் பிரெஞ்சு பேசியதைக் கேட்டு என் மனைவி சிரித்த சிரிப்பு அடங்கப் பத்து நிமிஷம் ஆனது.

இன்னும் பார்க்காதவர்கள் பயப்பட வேண்டாம். குற்றவாளி யார் என்று சொல்லமாட்டேன். கதையின் தொடக்கம் இதுதான். சாம்பலூர் என்ற மலையடிவார ஊரில் ஒரு சிமென்ட் ஆலை. தொழிற்சங்கப் போராட்டம் நடக்கிறது. ஒரு ராத்திரி ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே ராத்திரி தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் (பார்த்திபன்) இளைய மகள் நிலாவைக் காணவில்லை. இன்ஸ்பெக்டர் ரெஜினாவும் (ஸ்ரேயா ரெட்டி) எஸ்.ஐ. சக்கரையும் (கதிர்) விசாரிக்கிறார்கள். அப்பாவோடு முகம் கொடுத்துப் பேசாத மூத்த மகள் நந்தினி (ஐஸ்வர்யா ராஜேஷ்) ஊருக்குத் திரும்பி வருகிறாள்.

இதற்குப் பிறகுதான் பலரும் குறை சொல்லும் நடுப்பகுதி. சண்முகம் வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை, ரெஜினா வீட்டில் மகன் என்ன செய்கிறான், யார் சாப்பாட்டுக்கு உட்காராமல் எழுந்து போகிறார்கள் என்று காட்சிகள் போகின்றன. துப்பு எதுவும் கிடைத்தமாதிரி தெரியாது. பேரன் பொத்தானை அமுக்கும் இடங்கள் இவைதான்.

ஆனால் கவனியுங்கள். தொழிற்சங்கத் தலைவருக்கு ஊரில் எந்தத் தொழிலாளி வீட்டில் அடுப்பு எரிகிறது, எரியவில்லை என்பது தெரியும். இன்ஸ்பெக்டருக்கு ஊரில் எவன் எங்கே என்ன செய்கிறான் என்பது தெரியும். இப்படி ஊரையே உள்ளங்கையில் வைத்திருக்கும் இரண்டு பேருக்கும் தங்கள் வீட்டுப் பிள்ளையைத் தெரியவில்லை! இந்த ஒரு விஷயத்தை எந்தப் பாத்திரமும் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஒரு வசனத்தில் சொல்லியிருந்தால் நமக்கும் உறைத்திருக்காது. இரண்டு வீட்டுக் கூடத்திலும் நம்மைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தால்தான் உறைக்கும். பிள்ளைகளுக்கு நேரும் பாலியல் கொடுமையைப் பற்றிய கதை இது. அந்தக் குற்றம் தடயம் வைப்பது கத்தியிலோ துப்பாக்கியிலோ அல்ல. வீட்டில் யாரிடம் பிள்ளை பேசுவதை நிறுத்திவிட்டது என்பதுதான் அதன் தடயம். வீட்டுக் காட்சியை வெட்டிவிட்டால் தடயத்தையே வெட்டிவிட்டோம்.

திருவிழாக் காட்சிகளைப் பற்றியும் இதே புகார் உண்டு. தொடரில் மயானக் கொள்ளைத் திருவிழாவின் நாட்களும் விசாரணையின் நாட்களும் சேர்ந்தே நகர்கின்றன. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு மயானக் கொள்ளையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகா சிவராத்திரிக்கு அடுத்து, மாசி அமாவாசையில் காவேரிப்பட்டணம் பக்கம் போனால் தெரியும். காளி வேஷம் கட்டியவர்களும் அங்காளம்மனும் சுடுகாட்டை நோக்கிப் போவதைப் பார்த்தவர்கள், "நம்ம ஊர்ல இப்படியா நடக்குது?" என்று தொடரைப் பார்த்துக் குறை சொல்லலாம். சொல்லட்டும். ஆனால் ஊரே தெருவில் இருக்கும்போது வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை என்பதை அந்தத் திருவிழாக் கூட்டம் நன்றாகவே காட்டுகிறது. அது அலங்காரத்துக்காக வைத்த கூட்டம் இல்லை.

இந்த மெதுநடை வெளிநாட்டுச் சரக்கு என்று சிலர் நினைக்கிறார்கள். பாதிதான் சரி. பிரெஞ்சில் எழுதிய பெல்ஜியக்காரர் ஜார்ஜ் சிமெனோனின் மேக்ரே கதைகளை நான் பாண்டிச்சேரி ரொமேன் ரோலண்ட் நூலகத்திலிருந்து எடுத்துவந்து படித்திருக்கிறேன். 1931 முதல் 1972 வரை 75 மேக்ரே நாவல்கள் வெளிவந்தன. அந்த இன்ஸ்பெக்டர் கைரேகைக்காக ஓடமாட்டார். செத்துப்போனவர் வசித்த தெருவில் போய் ஓட்டலில் உட்கார்ந்து பைப் பிடிப்பார். வீட்டு வேலைக்காரம்மாவோடு சமையலறையில் பேசுவார். மத்தியானம் வீட்டுக்குப் போய் மனைவி சமைத்ததைச் சாப்பிடுவார். அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பது மனசுக்குள் இறங்கிய பிறகு, யார் செய்திருப்பார்கள் என்பது தானாகத் தெரிந்துவிடும். பிரான்ஸ் தொலைக்காட்சியில் ழான் ரிஷார் 1967லிருந்து 1990 வரை மேக்ரேயாக நடித்தார். இருபது வருஷத்துக்கு மேல் ஜனங்கள் அந்த மெதுவான மனிதரைப் பொறுமையாகப் பார்த்தார்கள்.

ஆனால் நம்மிடமும் இது உண்டு. தமிழ்வாணனின் சங்கர்லாலை நினைத்தால் முதலில் எது ஞாபகம் வருகிறது? அவர் குடிக்கும் தேநீர்! சுஜாதாவின் கணேஷ் - வசந்த் கதைகளில் கொலை செய்தது யார் என்பது பாதிக்கு மேல் மறந்துபோய்விட்டது. வசந்தின் குறும்பு மறக்கவில்லை. ராஜேஷ்குமாரின் விவேக் - ரூபலா, பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் - சுசீலா எல்லோரும் இப்படித்தான். பஸ்ஸில் படித்து முடித்து இறங்கும் பாக்கெட் நாவலிலேயே ஆட்களோடு பழக நமக்கு நேரம் இருந்தது. எட்டு எபிசோடில் இல்லை என்றால் எப்படி?

தொலைக்காட்சியிலும் அப்படித்தான். தொண்ணூறுகளில் நாகா இயக்கத்தில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய 'மர்ம தேசம்' சன் டிவியில் வந்தது. வாரம் ஒரு முறைதான். 'விடாது கருப்பு' ஓடிய நாட்களில் அடுத்த வாரம்வரை காத்திருந்து, அதற்குள் அலுவலகத்தில் ஆளுக்கொரு யூகம் சொல்லிக்கொண்டிருப்போம். அந்த ஆறு நாள் இடைவெளியில் பாத்திரங்கள் நம்மோடு குடியிருந்தார்கள். இப்போது எட்டு எபிசோடும் ஒரே ராத்திரியில் கிடைக்கின்றன. பழக வேண்டிய அவகாசம் நம் வாரத்தில் இல்லாததால், அதைத் தொடருக்குள்ளேயே வைக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் இழுவை என்கிறோம்.

இழுவையே இல்லை என்று நான் சாதிக்கவில்லை. மலைமேல் ட்ரோன் பறந்து சுற்றிக்காட்டும் காட்சி எல்லாத் தொடரிலும் தேவைக்கு மேல் இருக்கிறது. அதே 2022 டிசம்பரில் ஆண்ட்ரூ லூயிஸ் இயக்கத்தில் வந்த 'வதந்தி'யில் எஸ்.ஜே. சூர்யா நன்றாக நடித்திருந்தார். வெலோனி என்ற பெண்ணைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வது நல்ல யோசனை. ஊர் வாய்க்கு ஒரு பெண் எப்படி இரையாகிறாள் என்பதை மெதுவாகத்தான் காட்ட முடியும். ஆனால் ஒரே சந்தேகம் சுற்றிச்சுற்றி வரும்போது, ஓர் எபிசோடு குறைத்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. பிரசாந்த் பாண்டிராஜின் 'விலங்கு' ஏழு எபிசோடுதான். ஸ்டேஷனில் ஏட்டுகளின் கேலிப்பேச்சும், விமல் நடித்த எஸ்.ஐ.யின் கர்ப்பிணி மனைவி வீட்டில் காத்திருப்பதும் எங்கும் உறுத்தவில்லை. போலீஸ் வேலையின் அலுப்பே அங்கே கதையாகிவிட்டது. மெகா சீரியலில் ஒரு அறைக்கு ஆறு முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்களே, அதையும் இதையும் ஒரே தராசில் வைக்கக்கூடாது.

எனக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. முடிவு தெரிந்த பிறகு அந்தக் காட்சியை மறுபடி பாருங்கள். முதல் தடவை சாதாரணமாகத் தெரிந்தது இப்போது வேறு மாதிரி தெரிந்தால் அது விசாரணை. அப்போதும் அதே வெறும் காட்சியாகவே இருந்தால் அது இழுவை.

குமாஸ்தா உத்தியோகம் எனக்குக் கற்றுத்தந்த பாடமும் இதுதான். துறை விசாரணைக் கோப்புகள் சில என் மேஜைக்கு வந்திருக்கின்றன. மேலே இரண்டு பக்கத்தில் அழகாகத் தட்டச்சு செய்த இறுதி அறிக்கை இருக்கும். அவசரக்கார அதிகாரி அதை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். பொறுமைசாலி அடியில் கிடக்கும் விடுப்பு விண்ணப்பங்களைப் புரட்டுவார். ஒரு ஊழியர் குறிப்பிட்ட மேலதிகாரி முகாமுக்கு வரும் தேதிகளில் மட்டும் 'வயிற்றுவலி' என்று விடுப்பு கேட்டிருப்பார். அறிக்கையில் இல்லாத உண்மை அந்தக் காகிதங்களில் இருக்கும்.

இதை வெறும் பொழுதுபோக்கு விவாதமாக நான் நினைக்காததற்குக் காரணம் உண்டு. 2024 ஆகஸ்டில் எங்கள் பர்கூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் என்.சி.சி. முகாம் என்ற பெயரில் போலி முகாம் நடத்தி, மாணவிகளிடம் அத்துமீறிய வழக்கு நாடு முழுக்கச் செய்தியானது. முகாம் நடத்தியவர் மட்டுமல்ல, விஷயத்தை மறைத்ததாகப் பள்ளியைச் சேர்ந்தவர்களும் கைதானார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கப்பட்டது. அந்த வாரம் டீக்கடையில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "யார் அவன்?" அந்தப் பெயர் ஒரே நாளில் தெரிந்துவிட்டது. பிள்ளை யாரிடம் போய்ச் சொல்ல முடியும், சொன்னால் யார் உட்கார்ந்து கேட்பார்கள் என்ற கேள்வியைக் கேட்டவர்கள் குறைவு.

பிள்ளைகள் இந்த விஷயத்தை நேராக வந்து சொல்வதில்லை. பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்பார்கள். வயிற்றைப் பிசைகிறது என்பார்கள். ஒருவர் வீட்டுக்கு வந்தால் மட்டும் மாடிக்குப் போய்விடுவார்கள். எல்லாமே 'கதை நகராத' காட்சிகள். அப்பா ஓசூர் கம்பெனி பஸ்ஸுக்கு விடியற்காலையில் போய் ராத்திரி திரும்புகிறார். அம்மாவுக்கும் ஷிஃப்ட். அந்த அலுப்பில் நாம் வீட்டிலும் பொத்தானை அமுக்கிவிடுகிறோம்: "சரி சரி, சீக்கிரம் சொல்லு, என்ன வேணும்?"

2012ஆம் வருடத்து போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, இப்படி ஒரு குற்றம் நடந்தது தெரிந்தவர் போலீசுக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது. தெரிவிக்காவிட்டால் 21ஆம் பிரிவின்படி தண்டனையும் உண்டு. குழந்தைகள் உதவிக்கு 1098 என்ற எண்ணும் இருக்கிறது. ஆனால் சட்டம் 'தெரிந்த பிறகு' என்ன செய்வது என்றுதான் சொல்ல முடியும். தெரிந்துகொள்ளும் பொறுமையைச் சட்டம் தர முடியாது.

ஆகவே ஜவுளிக்கடை நண்பருக்கும் அவர் கட்சிக்காரர்களுக்கும் என் பதில் இதுதான். பாட்டைத் தள்ளுங்கள், ட்ரோனைத் தள்ளுங்கள், கார் துரத்தலைக்கூடத் தள்ளுங்கள். ஒரு பிள்ளை சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருக்கும் காட்சி வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். முடிந்தால் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். காட்சி முடிந்ததும் அவர்களே ஏதாவது பேச ஆரம்பித்தால், தொடரை நிறுத்திவிட்டு அதைக் கேளுங்கள். மீதி எபிசோடு எங்கேயும் ஓடிவிடாது.