திரையில் படிப்பதும் ஒரு திறன்

பூன் லே பெருவிரைவு நிலையத்திற்கு அருகில் ஜூரோங் வெஸ்ட் பொது நூலகம் உள்ளது. அங்குச் செல்லாமலேயே சிங்கப்பூர்த் தமிழ் நூல்கள் பலவற்றைத் திரையில் படிக்கலாம். 2015இல், நாட்டின் பொன்விழாவையொட்டி, தேசிய நூலக வாரியத்துடன் தமிழ் ஆர்வலர்கள் இணைந்து ஏறத்தாழ 350 இலக்கிய நூல்களை மின்னூல்களாக்கினர்.

இவற்றையோ ஆசிரியர் அனுப்பும் பிடிஎஃப் கோப்பையோ விரலால் தள்ளிக்கொண்டே போவது படிப்பதாகாது. செயலியில் பக்கக்குறி இடுங்கள். முக்கிய வரிக்கு வண்ணமிடுங்கள். ஐயத்தை ஓரத்தில் குறித்துவையுங்கள்.

தேடல் வசதி பயனுள்ளது. எனினும், ஸ்கேன் செய்த பக்கம் பெரும்பாலும் படமாகவே இருக்கும். அதிலுள்ள தமிழ்ச்சொல்லைச் செயலி தவறவிடக்கூடும். “இல்லை” என்று திரை காட்டினாலும் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். நூலில் என்ன இருக்கிறது என்பதை முடிவு செய்யும் பொறுப்பைச் செயலியிடம் விடக்கூடாது என்பதே என் கருத்து.