ஓட்டுநர் சோதனை: கடுமை யாருக்கு, கற்பிக்கும் பொறுப்பு யாருக்கு?

கேரளத்தில் ஓட்டுநர் உரிமச் சோதனையைக் கடுமையாக்கிய சுற்றறிக்கையை அம்மாநில உயர்நீதிமன்றம் 2025 ஜூலையில் ரத்து செய்தது. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி உரிமையாளர்கள் மகிழ்ந்ததில் வியப்பில்லை; வழக்காடியவர்கள் அவர்களே. ஆனால் உழைப்பாளி மக்களின் பக்கம் நிற்போரும் ‘ஏழையைப் பிடித்த தொல்லை விட்டது’ என்று ஆறுதல் கொள்வார்களானால் அது அரசியல் பிழை. விட்டது எது, இன்னும் பிடித்திருப்பது எது என்று பிரித்தறியாத ஆறுதல் அது.

நடந்ததை முதலில் நினைவூட்டிக் கொள்ளலாம். 2023 டிசம்பர் இறுதியில் போக்குவரத்து அமைச்சராகப் பொறுப்பேற்ற கே.பி. கணேஷ்குமார் முன்னின்று கொண்டுவந்த மாற்றங்கள், 2024 பிப்ரவரியில் போக்குவரத்து ஆணையரின் சுற்றறிக்கையாக வெளிவந்தன. மே 1 முதல் நடைமுறை என்று நாள் குறிக்கப்பட்டது. கார் ஓட்டுவோருக்கு வெறும் ‘எச்’ வடிவம் போதாது. சரிவில் நிறுத்தி எடுத்தல், வளைந்து வளைந்து செலுத்துதல், பக்கவாட்டில் நிறுத்துதல் ஆகியவை வேண்டும். கியர் உள்ள மோட்டார் சைக்கிளுக்கு உரிமம் கேட்போர் காலால் கியர் மாற்றும், 95 சிசிக்குக் குறையாத வண்டியில்தான் சோதனைக்கு வரவேண்டும். கைப்பிடியில் கியர் உள்ள வண்டி செல்லாது. ஓர் ஆய்வாளர் ஒரு நாளில் 30 பேரை மட்டுமே சோதிக்கலாம். இவை முதன்மையானவை.

கைப்பிடி கியர் என்றதும் கேரளத்தில் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பஜாஜ் எம்-80. அந்த வண்டியின் உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆயிற்று. சாலையிலிருந்தும் ஏறத்தாழ மறைந்துவிட்டது. சோதனை மைதானத்தில் மட்டும் அது சாகாவரம் பெற்றிருந்தது. எடை குறைவு, காலுக்கு வேலையில்லை. ஒரே கியரில் மெல்ல உருட்டி, கால் தரையில் படாமல் எட்டைச் சுற்றி முடித்தவருக்குக் கியர் உள்ள எல்லா மோட்டார் சைக்கிளையும் ஓட்டும் உரிமை கிடைத்தது. மறுநாளே அவர் 350 சிசி வண்டியில் ஏறி நெடுஞ்சாலைக்குப் போகலாம். சட்டம் குறுக்கே நிற்காது. மலையாளத்தில் எட்டு ‘எடுக்கிறார்கள்’, தமிழில் எட்டு ‘போடுகிறார்கள்’. இரு மொழியும் புழங்கும் எல்லை ஊர்களில் இரு வழக்கும் காதில் விழும். எடுத்தாலும் போட்டாலும், மழை வழுக்கும் இறக்கத்தில் எப்படி பிரேக் பிடிப்பது என்பதை அந்த எட்டு கற்பித்ததே இல்லை.

சில ஆய்வாளர்கள் ஒரே நாளில் நூறு பேருக்கு மேல் சோதித்து உரிமத்துக்குப் பரிந்துரைத்ததும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தது. அவர்களைத் திருவனந்தபுரம் முட்டத்தறைக்கு வரவழைத்து, அந்த வேகத்தில் சோதிப்பது எப்படி என்று செய்து காட்டச் சொன்னது துறை. கணக்கு எளியது. ஆறு மணிநேரம் இடைவிடாமல் வேலை செய்தாலும் ஒருவருக்குக் கிடைப்பது மூன்றரை நிமிடம். வண்டியில் ஏறி, தலைக்கவசம் மாட்டி, இறங்கிக் கையெழுத்திடவே அந்த நேரம் சரியாகிவிடும்.

ஒன்றிய அரசின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களில் 44.5 சதவீதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். இறந்தவர்களில் மூவரில் இருவர் 18 முதல் 45 வயதுக்கு உட்பட்டவர்கள். காரும் காற்றுப்பையும் இல்லாத வர்க்கம் எது என்பதை இந்த எண்களே சொல்லும். ஆகவே உண்மையான சோதனை வேண்டும் என்பது உழைப்பாளியின் கோரிக்கை. அதை மேட்டுக்குடியின் கோரிக்கை என்று ஒதுக்குவது தவறு. எம்-80இல் கிடைத்த உரிமத்தை ‘ஏழைக்கு எளிய வழி’ என்று போற்றுவோர், அந்த ஏழை சாலையில் எப்படிச் சாகிறான் என்பதைப் பார்க்க மறுக்கிறார்கள்.

இவ்வளவும் சுற்றறிக்கையின் பக்கம். மறுபக்கத்தைப் பார்க்க நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, ஒற்றசேகரமங்கலம் போன்ற ஊருக்குப் போகவேண்டும். மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் நிலம், ரப்பர் தோட்டங்கள், தெற்கே சிறிது தொலைவில் தமிழ்நாட்டு எல்லை. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் தமிழகம் சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. கோடு மாநிலங்களைப் பிரித்தது. உறவையும் வேலையையும் பிரிக்கவில்லை. விடிவதற்கு முன்பே ரப்பர் மரத்தடிக்குப் போகவேண்டிய பால்வெட்டும் தொழிலாளிக்கு அந்த நேரத்தில் பேருந்து கிடையாது. நெய்யாற்றின்கரையிலோ திருவனந்தபுரத்திலோ கடையிலும் மருத்துவமனையிலும் நிற்கும் பெண்ணுக்கு இரவுப் பணி முடிந்து திரும்ப ஸ்கூட்டர் வேண்டும். கட்டுமானத் தொழிலாளிக்கும், செயலி நிறுவனங்களுக்காக உணவு கொண்டு செல்லும் இளைஞருக்கும் வண்டியே பிழைப்பு. இவர்களுக்கு உரிமம் என்பது வேலைக்கான நுழைவுச் சீட்டு. அது இல்லாமல் பிடிபட்டால், 2019 திருத்தச் சட்டத்தின்படி அபராதம் 5,000 ரூபாய்; முன்பு அது 500.

இந்தத் தொழிலாளிக்குச் சுற்றறிக்கை என்ன தந்தது? கடுமையான கேள்வித்தாளைத் தந்தது. பாடம் நடத்த ஆசிரியரைத் தரவில்லை. சோதிக்கப்படுவோர் எண்ணிக்கையைக் குறைத்தது, ஆய்வாளர்களைக் கூட்டவில்லை. பழகுநர் உரிமம் ஆறு மாதம்தான் செல்லும். வரிசை நீண்டால் அது காலாவதியாகும். மறுபடி கட்டணம், மறுபடி ஒரு நாள் கூலி இழப்பு. சோதனைக் கட்டணம் 300 ரூபாயைவிட அந்த ஒரு நாள் கூலியே பெரிது.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. புதிய சோதனைக்குப் புதிய தடம் வேண்டும் என்று ஆணையிட்ட துறைக்குப் பெரும்பாலான இடங்களில் சொந்த மைதானமே இல்லை. பயிற்சிப் பள்ளிகள் ஏற்பாடு செய்து கொடுத்த மைதானங்களில்தான் அரசு ஆய்வாளர் நின்று சோதித்து வந்தார். தேர்வு எழுதுவோரின் ஆசிரியர் வாடகைக்கு எடுத்த அறையில் தேர்வு நடத்தும் வாரியத்தை யாரும் கண்டதுண்டா? 2024 மே 2 முதல் பள்ளிகள் போராட்டத்தில் இறங்கி மைதானங்களைப் பூட்டியபோது சோதனைகள் முடங்கியதற்குக் காரணம் இதுவே.

போராட்டத்தை அமைச்சர் கையாண்ட முறையும் இடது ஜனநாயக முன்னணி அரசுக்குப் பெருமை சேர்க்கவில்லை. எதிர்த்தவர்களில் பயிற்சி நிலையத் தொழிலாளர்களின் சிஐடியு சங்கத்தினரும் இருந்தனர். மலப்புறத்தில் எழுந்த எதிர்ப்பை ‘மாஃபியா’ என்ற சொல்லால் சுட்டியது, ஒரு வண்டியையும் இரண்டு பயிற்றுநர்களையும் வைத்துப் பிழைக்கும் சிறு பள்ளியையும், ஊழல் செய்யும் இடைத்தரகனையும் ஒரே கூடையில் போட்டது. மே 15 அன்று பேச்சுவார்த்தையில் சமரசம் ஏற்பட்டது: நாளொன்றுக்கு 40 சோதனைகள், பயிற்சி வாகனங்களின் வயது வரம்பு 15இலிருந்து 18 ஆண்டு. பிப்ரவரியிலேயே தொழிற்சங்கங்களை மேசைக்கு அழைத்திருந்தால் மே மாதத்தில் பதினான்கு நாள் வீணாகியிருக்காது.

ஆயினும் கோபத்தின் முழுப் பாரத்தையும் திருவனந்தபுரத்தின் மேல் இறக்கிவிட்டு நிற்பது டெல்லிக்குச் செய்யும் உதவி. மோட்டார் வாகனம் அரசமைப்பின் பொதுப் பட்டியலில் 35ஆவது பொருள். மாநிலத்துக்கும் அதில் இடம் உண்டு என்பது ஏட்டில். நடைமுறையில் 1988ஆம் ஆண்டு சட்டமும் 1989ஆம் ஆண்டு ஒன்றிய விதிகளும் எல்லாவற்றையும் தம் கையில் வைத்துள்ளன; ஒன்றிய விதிகள் இருக்கும் களத்தில் மாநில அதிகாரி சுற்றறிக்கையால் புதுச் சோதனை வகுக்க இயலாது என்பதுதான் உயர்நீதிமன்றத் தீர்ப்பின் சாரம். அப்படியானால் சோதனையின் வடிவத்தை முடிவு செய்பவர் யார்? ஒன்றியப் போக்குவரத்து அமைச்சகம். அது என்ன முடிவு செய்துள்ளது?

2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய விதி, ‘அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையம்’ என்ற புதுப் பிறவியைக் கொண்டுவந்தது. ஓர் ஏக்கரிலிருந்து இரண்டு ஏக்கர் வரை நிலம், சிமுலேட்டர், தனிச் சோதனைத் தடம் ஆகியவை உடையவர் மையம் தொடங்கலாம். அங்கே பயின்று சான்றிதழ் பெற்றவருக்கு அரசு ஆய்வாளரின் ஓட்டுநர் சோதனையிலிருந்து விலக்கு. கற்பிப்பவரே தேர்வு நடத்துவார். கட்டணம் வாங்குபவரே தேர்ச்சியும் தருவார். எம்-80 மைதானத்தில் மறைவாக நடந்ததை விதியாக்கி, ஏர் கண்டிஷன் அறைக்குள் கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள்.

கேரளத்தில் நிலத்தைச் சென்ட் கணக்கில் பேசுவார்கள். 1970 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த நிலச் சீர்திருத்தம் ஊராட்சிப் பகுதியில் குடிகிடப்புக்காரருக்கு அளித்தது பத்து சென்ட். ஒற்றசேகரமங்கலம் போன்ற மலையடிவார ஊரில் நூறு, இருநூறு சென்ட் சமநிலம் ஒரே துண்டாக யாரிடம் இருக்கும்? வாகன உற்பத்தி நிறுவனத்திடம், பெருமூலதனத்திடம், அல்லது அரசிடம். சிறு பயிற்சிப் பள்ளி அந்தப் போட்டியில் நிற்கவே முடியாது. இன்று கேரள அரசுக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி மகிழும் சிறு பள்ளி உரிமையாளரின் கழுத்துக்கு வரும் கயிறு வேறு திசையில் திரிக்கப்படுகிறது.

சோதனையைப் பெரிய தடங்களுக்கு மாற்றி, தடங்களைச் சிலவாக்கினால் என்ன நேரும் என்பதற்கு அயல்நாட்டு அனுபவமும் உண்டு. ஐரோப்பிய நெறிமுறையை ஒட்டி பிரிட்டன் 2009 ஏப்ரலில் மோட்டார் சைக்கிள் சோதனையை இரண்டாகப் பிரித்தது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் தடையை விலகிச் செல்லும் பயிற்சியைச் சாலையில் வைக்க இயலாதென்று தனிப் பெருந்தடங்கள் அமைத்தது. தடங்கள் போதவில்லை. சிற்றூர்ப் பழகுநர் இன்னும் கற்று முடிக்காத வண்டியில் நெடுந்தொலைவு ஓட்டிப் போய்ச் சோதனை கொடுக்கவேண்டி வந்தது. மறு ஆண்டே அந்நாட்டு நாடாளுமன்றக் குழு அதைக் கண்டித்தது.  எங்கே வைத்தார்கள் என்பதுதான் கோளாறு.

சோதிக்கப்படுபவர் எப்போதும் ஓட்டுபவர் மட்டுமே என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். 2018 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த விதி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பிரேக்கை 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்கே கட்டாயமாக்கியது. அதற்குக் கீழ்ப்பட்ட வண்டியை வாங்குபவர் யார்? பால்வெட்டும் தொழிலாளியும் உணவு கொண்டுசெல்லும் இளைஞரும்தான். உற்பத்தியாளரின் செலவு மிச்சம்; எட்டு போடத் தெரியவில்லை என்ற பழி ஏழைக்கு.

மாற்று என்ன என்று கேட்போருக்கு விடை கேரளத்திலேயே தொடங்கி இருக்கிறது. 2024 ஜூன் 26 அன்று அரசுப் போக்குவரத்துக் கழகமான கேஎஸ்ஆர்டிசியின் முதல் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை முதலமைச்சர் பினராயி விஜயன் திருவனந்தபுரத்தில் தொடங்கிவைத்தார். இருசக்கர வண்டிக்குக் கட்டணம் 3,500 ரூபாய், கார் 9,000, இரண்டும் சேர்த்து 11,000. பேருந்து ஓட்டி அனுபவப்பட்டவர்கள் கற்பிக்கிறார்கள். வரிசை தலைகீழானதுதான் குறை: பள்ளி முதலில் வந்து, மைதானம் அடுத்து வந்து, சோதனையின் கடுமை கடைசியில் வந்திருக்க வேண்டும். வந்ததோ மே மாதத்தில் கடுமை, ஜூன் இறுதியில் பள்ளி. 3,500 ரூபாயும் தோட்டத் தொழிலாளிக்குச் சிறு தொகை அன்று.

கேரளம் மட்டும் கடுமையாக்கி, எல்லைக்கு அப்பால் பழைய எட்டே தொடர்ந்தால், களியக்காவிளைச் சாலையில் இரு மாநில வண்டிகளும் ஒரே வளைவில்தான் சந்திக்கும். எனவே கோரிக்கை இரு மாநிலத்துக்கும் பொதுவாக, ஒன்றிய அரசை நோக்கி எழவேண்டும். பயிற்சி மையச் சான்றிதழுக்குத் தரும் சோதனை விலக்கை நீக்க வேண்டும். சோதனை அரசு ஆய்வாளரிடமே இருக்கவேண்டும். ஒன்றிய விதியைவிட உயர்ந்த தரத்தைக் கோரும் அதிகாரம் மாநிலத்துக்குச் சட்டப்படி வழங்கப்பட வேண்டும். 2018 ஆகஸ்டு 7 அன்று நாடு தழுவிய போக்குவரத்து வேலைநிறுத்தத்தில் மோட்டார் வாகனத் திருத்த மசோதாவை எதிர்த்த சங்கங்களுக்கு இது புதிய போர்க்களம் அன்று.

மாநில அரசிடம் கேட்கவேண்டியவை தனி. நெய்யாற்றின்கரை, வெள்ளறடை, காட்டாக்கடை பேருந்துப் பணிமனைகளை ஒட்டிச் சோதனைத் தடமும் பயிற்சிப் பள்ளியும் அமைக்கலாம். வேலை இழக்கும் சிறு பள்ளிப் பயிற்றுநரை அங்கே பணியில் சேர்க்கலாம். முதல் உரிமம் பெறும் தொழிலாளிக்கும் பட்டியல் சாதி, பழங்குடி இளைஞருக்கும் கட்டணத்தை அரசே ஏற்கலாம். ஞாயிற்றுக்கிழமையிலும் சோதனை நாள் ஒதுக்கலாம்; பால்வெட்டு முடிந்து பத்து மணிக்கு மேல் வருபவருக்கு என்று தனி நேரம் வைக்கலாம். ஆய்வாளர் பணியிடங்களைக் கூட்டாமல் இவற்றில் எதுவும் நடவாது. உயர்நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகும் இவை அனைத்தும் மாநில அரசின் கைக்குள்தான் இருக்கின்றன. இவற்றுக்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை.