உதகைக்குப் போகும் வழி

நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் மோட்டாரில் செல்வோர் முன்கூட்டியே அனுமதிச் சீட்டுப் பெறவேண்டுமென்று சென்னை ஹைக்கோர்ட்டார் இட்ட உத்தரவு 2024-ம் வருஷம் மே மாதம் 7-ந் தேதி அமலுக்கு வந்தது. மறு வருஷக் கோடையில், நீலகிரிக்கு வார நாட்களில் தினம் 6,000 வண்டிகளும், வாரக் கடைசியில் 8,000 வண்டிகளுமே ஏறலாமென்று வரம்பும் கட்டினார்கள். இதைக் கண்டித்து அம்மலையில் கடையடைப்பு நடந்தது. சமவெளியிலுள்ள நம் நண்பர்கள் சிலரோ, சொந்த நாட்டில் ஓர் ஊருக்குப் போகச் சீட்டு வாங்கவா சுயராஜ்யம் பெற்றோம் என்று ஆத்திரத்துடன் வினவுகிறார்கள்.

இந்தியா முழுவதும் தடையின்றிச் சஞ்சரிக்கும் உரிமையை அரசியல் சட்டத்தின் 19-வது ஷரத்து நமக்கு அளித்திருப்பது வாஸ்தவமே. ஆனால் அந்த ஷரத்தை ஐந்தாவது உட்பிரிவு வரையில் படிக்கவேண்டும். பொதுஜன நன்மையை முன்னிட்டும், பழங்குடிகளின் நலனைக் காக்கும் பொருட்டும், நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்கலாமென்று அது கூறுகிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்னும் ஆறு குடியினர் தொன்றுதொட்டு வாழும் மலைக்கு இதைவிடப் பொருத்தமான சட்ட வாசகம் கிடைப்பது அரிது.

கோயமுத்தூர் கலெக்டராயிருந்த சல்லிவன் துரை 1819-ல் இம்மலைமீது ஏறினார். ஏரி வெட்டுவித்தார், கல்வீடு கட்டினார். பின்வந்த வெள்ளையர் ஆஸ்திரேலிய மரங்களைக் கொணர்ந்து நட்டுச் சீமையின் சாயலை உண்டாக்கினர். கோடைதோறும் கவர்னரும் பரிவாரமும் மேலே போய்விடுவார்கள்; ஏழை குடியானவனின் மனு கீழே வெயிலில் கிடக்கும். (தோடர்களுக்கே அந்நிலத்தில் பூரண பாத்தியதை உண்டென்று சல்லிவன் வாதாடியதையும் மறைக்கலாகாது. மேலதிகாரிகள்தான் அதை ஏற்கவில்லை.)

இன்று நம்மவர் செய்வதென்ன? விடியுமுன் காரில் ஏறுகிறார்கள். ஏரியில் ஒரு படகு, தாவரத் தோட்டத்தில் ஒரு போட்டோ, கடைத்தெருவில் ஒரு பொட்டலம் வர்க்கி. பொழுது சாய்ந்ததும் இறக்கம். துரைமார் வைத்துவிட்டுப் போனதைப் பார்த்துத் திரும்புகிறார்களேயன்றி மலையைப் பார்த்தவர் அவர்களில் எத்தனை பேர்?

இரண்டு நாள் போதும். ஆனால் நிதானமாகப் போகவேண்டும். மேட்டுப்பாளையத்தில் காலையில் புறப்படும் மலை ரயில் 46 கிலோமீட்டர் ஏறுவதற்குச் சுமார் ஐந்து மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. இதைக் குறை சொல்வோர் உண்டு; நாம் அதையே அதன் பெருமையாகக் கொள்வோம். கல்லாற்றுப் பாக்குத் தோப்புகளைக் கடந்ததும் இருப்புப் பாதையின் நடுவிலுள்ள பல் தண்டவாளத்தைப் பற்றிக்கொண்டு, இஞ்சின் பின்னிருந்து பெட்டிகளைத் தள்ளிச் செல்லும். கடல் மட்டத்திற்கு 330 மீட்டர் உயரத்திலிருந்து 2,200 மீட்டருக்குப் போகிறோமென்பதைக் காற்றின் குளிர்ச்சியே அடிக்கடி அறிவிக்கும்.

மறுநாள் காலால் நடக்கவேண்டும். கற்பூர மரமென்று அவ்வூரார் கூறும் யூகலிப்டஸ் தோப்பில் காலடியில் சருகு நொறுங்கும். சோலைக்குள் நுழைந்தாலோ பாசி படர்ந்து தரை ஈரமாயிருக்கும். இந்தச் சோலைகளும் அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் மழைநீரை உறிஞ்சி வைத்திருந்து சிறுகச் சிறுக விடுவதால்தான் பவானியில் மழையற்ற நாளிலும் நீர் ஓடுகிறது. ஈரோட்டுப் பக்கத்தில் இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் அந்நதியை நம்பியிருக்கிறது. ஆகையால் மலையின் க்ஷேமம் மலைவாசிகளின் காரியம் மட்டுமன்று. தாவரத் தோட்டத்திற்கு மேலே தோடர் மந்து ஒன்றுண்டு. வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக அம்மாதர் செய்யும் பூவேலையைப் பேரம் பேசாமல் வாங்கலாம்.

வியாபாரிகளின் குறையை அலட்சியம் செய்யக்கூடாது. ஆனால் ஒரு பகல் சுற்றிவிட்டு இறங்குபவன் அவர்களுக்குப் புகையையும் குப்பையையும் தவிர விட்டுச்செல்வது சொற்பம். இரண்டு இரவு தங்குபவனாலேயே விடுதிக்காரரும் சாப்பாட்டுக் கடைக்காரரும் பிழைப்பர். ரயிலிலும் சர்க்கார் பஸ்ஸிலும் வருவோருக்குச் சீட்டு அவசியமில்லையென்று அந்த உத்தரவே விலக்கு அளித்திருந்தது. ஆத்திரப்படுவோர் இதைச் சொல்வதில்லை.

சர்க்காரும் ரயில்வே இலாகாவும் தங்கள் பங்கைச் செய்யவேண்டும். யுனெஸ்கோ ஸ்தாபனம் 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்ற ரயிலில் இடம் கிடைப்பதே பெரும்பாடாயிருக்கிறது. கோடை விசேஷ வண்டிகளோடு நில்லாமல் வருஷம் முழுவதும் மற்றொரு வண்டி விடவேண்டும். மேட்டுப்பாளையத்திலேயே மோட்டார்களை நிறுத்த விசாலமான இடம் அமைத்து, அங்கிருந்து கால்மணிக்கு ஒரு பஸ் அனுப்பட்டும்.