அஞ்சிய கை அழைக்குமா?

நாடகம் எழுதிப் பழகியவன் நான். ஆகவே ஒரு காட்சியிலிருந்தே தொடங்குகிறேன்.

நள்ளிரவு. சின்னஞ்சிறு அறை. தரையிலே ஓர் இளைஞன் வீழ்ந்து கிடக்கிறான். போதை மருந்து அளவு மீறிவிட்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. அருகே அவன் நண்பன். அவன் கையிலே தொலைபேசி. எண்ணை அழுத்தப் போன விரல் பாதி வழியில் நின்றுவிடுகிறது. ஏன்? அதே நஞ்சு அவன் சட்டைப் பையிலும் இருக்கிறது! அழைத்தால் மருத்துவ வண்டி வரும்; அதன் பின்னே காவல் வண்டியும் வரும். நண்பனைக் காத்தால் தன் கைக்கு விலங்கு. தன்னைக் காத்தால் நண்பன் உயிருக்கு முடிவு. நெஞ்சம் ‘அழை’ என்கிறது. அச்சம் ‘ஓடு’ என்கிறது.

இக்காட்சி என் கற்பனை. ஆனால் இதன் பின்னே நிற்கும் சாவுகள் கற்பனையல்ல. கனடா நாட்டிலே 2016 முதல் 2024 முடிய, அபினி வகைப் போதைப் பொருள்களின் நச்சுக்குப் பலியானோர் 50,000 பேருக்கும் அதிகம்! ஹெராயினைப் போல் ஏறத்தாழ 50 மடங்கு வீரியமுள்ள பென்டனில் அங்கே சந்தைச் சரக்கில் கலந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2016 ஏப்ரலில் பொதுச் சுகாதார நெருக்கடியைப் பிரகடனம் செய்தது.

இந்த நஞ்சு மூச்சை அடக்கிக் கொல்கிறது. மூச்சு நின்றால் சில நிமிடங்களில் மூளை மடியத் தொடங்கும். மாற்று மருந்து இல்லையா? இருக்கிறது. நலாக்சோன் என்பது அதன் பெயர். மூக்கிலே தெளிக்கலாம், ஊசியாகவும் ஏற்றலாம், அடங்கிய மூச்சு மீளும். ஆயினும் அதன் ஆற்றல் சிறிது நேரமே; நஞ்சு மீண்டும் தலைதூக்கக் கூடும். எனவே மருத்துவமனை வேண்டும். மருந்து இருக்கிறது, மருத்துவர் இருக்கிறார், வண்டி இருக்கிறது. அழைக்கும் துணிவுதான் இல்லை! அத்துணிவைப் பறித்தது எது? உயிரைக் காக்க வேண்டிய சட்டமேயன்றோ!

இதை உணர்ந்து, அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம் 2007-இல் வழிகாட்டியது. கனடா நாடாளுமன்றம் 2017 மே திங்களில் தனிச் சட்டமே கண்டது. உதவிக்கு அழைத்தவர், வீழ்ந்து கிடப்பவர், உதவி வரும்போது உடனிருப்பவர் ஆகிய எவர்மீதும், போதைப் பொருளை வைத்திருந்ததற்காக மட்டும் வழக்குத் தொடரலாகாது என்றது அச்சட்டம். விற்பவனுக்கு அதில் விலக்கில்லை என்பதையும் மறவாதீர்கள்.

நல்ல சட்டந்தான். ஆயினும் ஓர் ஓட்டை இருந்தது. ‘வழக்கில்லை’ என்று எழுதினார்கள்; ‘கைதில்லை’ என்று வெளிப்படையாக எழுதவில்லை. வழக்குத் தொடராவிட்டாலும் விலங்கு மாட்டலாம் என்று வாதிட்டது அரசுத் தரப்பு. 2025-இல் கனடா உச்சநீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்க மறுத்தது. வழக்குத் தொடர முடியாத குற்றத்துக்குக் கைது செய்யவும் அதிகாரமில்லை என்று தீர்ப்பளித்தது. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். சட்ட நூல் கற்றவனல்லன். எனினும் இத்தீர்ப்பின் நியாயம் எனக்கு விளங்குகிறது. நள்ளிரவில் தவிப்பவன் பிரிவு, உட்பிரிவு பார்ப்பதில்லை, விலங்கைத்தான் பார்க்கிறான்.

இன்னும் ஒரு குறை உண்டு. பழைய வழக்கொன்றில் பிடியாணை நிலுவையில் இருப்பவனுக்கு அச்சட்டம் காப்பளிக்கவில்லை. அவன் விரலும் நடுங்காதா? அவனருகே கிடப்பது உயிரல்லவா?

“போதைக்குப் பட்டுக் கம்பளம் விரிப்பதா?” என்று சீறுவோர் உண்டு. அவர்களை ஒன்று கேட்கிறேன். பிணத்தைத் திருத்த முடியுமா? திருந்துவதற்கு முதல் தேவை உயிரோடிருப்பது. போதையை நான் வெறுக்கிறேன். அது குடித்த குடும்பங்களை எண்ணித்தான் வெறுக்கிறேன். அக்குடும்பங்களுக்கு மகனை மீட்டுத் தரும் சட்டத்தை எப்படி வெறுப்பேன்?

நம் நாட்டுக்கு வருவோம். சாலையில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு, 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் காப்பளிக்கிறது. தானே முன்வந்து சிகிச்சை நாடும் போதை அடிமைக்கு, 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலே நிபந்தனையோடு ஒரு விலக்கு உண்டு. ஆனால், நண்பனின் மூச்சு நிற்கையில் தொலைபேசியை எடுப்பவனுக்கு? அவனைக் காக்க அச்சட்டத்திலே ஒரு வரியும் இல்லை! சாலையிலே வீழ்ந்தால் ஒரு நீதி, அறையிலே வீழ்ந்தால் வேறு நீதியா?

சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுமென்று மணிமேகலை கேட்டாள். மன்னன் இசைந்தான் என்கிறது காப்பியம். நாம் சிறையை இடிக்கச் சொல்லவில்லை. மூச்சு நிற்கும் அந்தச் சில நிமிடங்களுக்குச் சிறையின் நிழல் விலகட்டும் என்றுதான் கேட்கிறோம்.

தோழர்களே! தெருமுனையிலே பேசுங்கள், படிப்பகத்திலே விவாதியுங்கள், சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் செல்லும் நம்மவரிடம் கேளுங்கள். அந்த அறையிலே விரல் இன்னும் பாதி வழியில்தான் நிற்கிறது. அது எண்ணை அழுத்துமா, ஒதுங்குமா என்பதை நாளைய சட்டம் முடிவு செய்யும். அந்தச் சட்டத்தை எழுத வைப்பது நம் கடமை!