பழைய காரில் பெட்ரோல் வாசனையா?

அம்பாஸடர் தயாரிப்பு 2014-லேயே நின்றுவிட்டது. ஆனாலும் எங்கள் தொட்டியத்து வாழைத்தோப்புக்கும் திருச்சிக்கும் உழைத்த வண்டியை விற்க மனசு வருமா?

கார்புரேட்டர் வண்டி காலையில் அடம் பிடித்தால், சோக்கை இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஆக்ஸிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தால் பிளக் நனைந்து வாசனை தூக்கும். சோக்கை உள்ளே தள்ளிப் பத்து நிமிஷம் பொறுங்கள்.

ராத்திரி சும்மா நின்ற வண்டியில் வாசனை வந்தால் சமாசாரம் வேறு, எங்கோ கசிகிறது. இப்போதைய பெட்ரோலில் எத்தனால் என்ற எரிசாராயம் 20 சதவீதம் வரை கலக்கிறார்கள். பழைய ரப்பர் குழாய் அதற்குத் தாங்காது. எத்தனால் தாங்கும் குழாயாகக் கேட்டு மாற்றுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். கார்த்திகை அகலை ஷெட் பக்கம் வைக்கவே வேண்டாம். வாசனை அடித்தால் கதவைத் திறந்து விடுங்கள்; ஸ்விட்சைத் தொடாதீர்கள்; குழந்தைகளை அண்ட விடாதீர்கள்.