கணிப்பொறியின் வேகமும் நம்பகமும்

வீட்டிலுள்ள ஒரே கணிப்பொறியைக் குடும்பத்தினர் அனைவரும் பயன்படுத்துகின்றனர். தந்தை வியாபாரக் கணக்கையும் ஜகாத் கணக்கையும் அதில் எழுதி வைக்கிறார். தாயார் குடும்பப் புகைப்படங்களைச் சேமிக்கிறார். கல்லூரியில் பயிலும் மகனோ, வேகம் போதவில்லை எனக் கருதி, ‘ஓவர்கிளாக்கிங்’ என்னும் முறையில் அதனை விரைவுபடுத்துகிறான். அதன்பின் கணிப்பொறி சில வேளைகளில் திடீரென உறைந்து நிற்கிறது. அல்லது தானாகவே அணைந்து மீண்டும் தொடங்குகிறது. இதற்குக் காரணம் யாது, சீர்செய்வது எவ்வாறு என்பதை இம்மாதம் காண்போம்.

பிராசஸர் எனப்படும் செயலி, ஒரு துடிப்பைப் பின்பற்றி இயங்குகிறது. அடிப்படைத் துடிப்பு பெரும்பாலும் 100 மெகாஹெர்ட்ஸ். அதனை 45ஆல் பெருக்கினால் வேகம் 4,500 மெகாஹெர்ட்ஸ். 48ஆல் பெருக்கினால் 4,800. தயாரிப்பாளர்கள் சற்று இடைவெளி விட்டே வேகத்தை நிர்ணயிப்பதால், அதற்கு மேலும் உயர்த்த இயலுகிறது. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ இதற்குப் புகழ்பெற்ற சான்று. 66 மெகாஹெர்ட்ஸ் பஸ் வேகத்தை 100 ஆக உயர்த்தி, 300 மெகாஹெர்ட்ஸ் செயலியைப் பலர் 450இல் இயக்கினர். ஆயினும் ஒரே வகையைச் சேர்ந்த இரு செயலிகள் ஒரே அளவு தாங்குவதில்லை. நண்பனுடைய கணிப்பொறிக்குப் பொருந்திய அளவு நம்முடையதற்கும் பொருந்தும் என எண்ணுதல் தவறாகும்.

வேகம் கூடுந்தோறும் ஒவ்வொரு துடிப்பிற்கும் உரிய நேரம் குறைகிறது. உரிய நேரத்தில் விடை வந்து சேராவிடில் பிழை நேர்கிறது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் விடை விரைந்து வரும். ஆனால் சூடு பெருகும். அதே வேகத்தில் மின்னழுத்தத்தை 10 விழுக்காடு உயர்த்தினால், செலவாகும் மின்திறன் ஏறத்தாழ 21 விழுக்காடு கூடிவிடும்.

சீர்செய்யும் முறை இதுவே. தொடங்குமுன் முக்கியமான கோப்புகளைத் தனியான ஒரு டிஸ்கில் படியெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

முதலாவதாக, ‘பயாஸ்’ அமைப்பில் எல்லாவற்றையும் தொழிற்சாலை அளவிற்கே திருப்ப வேண்டும். கணிப்பொறி தொடங்கவே மறுத்தால், மின்னிணைப்பைத் துண்டித்து, மதர்போர்டிலுள்ள நாணய வடிவ பேட்டரியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்துப் பின் பொருத்தினால், பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்துவிடும். அதன்பின்னும் கோளாறு நீடித்தால், மின்வழங்கி, மெமரி, தூசி ஆகிய பிற காரணங்களை ஆராய வேண்டும்.

இரண்டாவதாக, மெமரியைத் தனியே சோதிக்க வேண்டும். எக்ஸ்.எம்.பி., எக்ஸ்போ என்னும் அமைப்புகளும் ஒருவகை ஓவர்கிளாக்கிங்கே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். செயலியைத் தொழிற்சாலை வேகத்தில் வைத்து, ‘மெம்டெஸ்ட்86’ சோதனையை ஓர் இரவு முழுவதும் ஓடவிடலாம். ஒரே ஒரு பிழை தென்பட்டாலும் அந்த அமைப்பு தகுதியற்றது.

மூன்றாவதாக, பெருக்கும் எண்ணை ஒவ்வொன்றாக உயர்த்தி, ஒவ்வொரு முறையும் ‘பிரைம்95’ கொண்டு சில மணி நேரம் சோதிக்க வேண்டும். வெப்பநிலை 95 முதல் 100 டிகிரி செல்சியஸை எட்டினால், குறை குளிர்விப்பதில் உள்ளது. தூசியை அகற்றி, வெப்பப் பசையைப் புதுப்பிக்க வேண்டும். வெப்பம் அளவோடிருந்தும் பிழை வந்தால், அந்த வேகத்திற்கு மின்னழுத்தம் போதவில்லை என்பது பொருள். அதனை உயர்த்துவதைவிட, வேகத்தில் ஒரு படி இறங்குவதே அறிவுடைமை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, அதனை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் தேறிய அமைப்பு கோடையில் தவறக்கூடும். ஆகவே வெயில் காலத்திலும் ஒருமுறை சோதித்தல் நலம்.

மிகுந்த மின்னழுத்தம் செயலியை நிரந்தரமாகவே கெடுக்கும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகளுள் பல அவ்வாறு நிலைகுலைந்ததை 2024ஆம் ஆண்டில் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. திருத்தத்தை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் 2 ஆண்டுகள் நீட்டித்தது. எனினும், ஏற்கெனவே கெட்ட செயலியை அத்திருத்தத்தால் மீட்க இயலவில்லை.

கணிப்பொறி நின்றுவிடுவது உண்மையில் ஓர் எச்சரிக்கை. நிற்காமலேயே தவறாகக் கணக்கிடுவதுதான் பேராபத்து. பிழைபட்ட கோப்பு பிழையோடே சேமிக்கப்படுகிறது. அதனைப் படியெடுத்தால் படியும் பிழையாகிறது. மாதங்கள் கழித்துத் திறந்து பார்க்கும்போதுதான், புகைப்படம் சிதைந்திருப்பதும் கணக்கேடு திறக்க மறுப்பதும் தெரியவருகின்றன. பிரைம்95 தன் விடைகளை முன்பே அறியப்பட்ட சரியான விடைகளோடு ஒப்பிடுவதன் நோக்கம், இத்தகைய மறைவான பிழையைக் கண்டறிவதேயாகும்.

4,500ஐ 4,800 ஆக்குவதால் வேகம் நூற்றுக்கு ஏழு பங்குகூடக் கூடுவதில்லை. விளையாட்டுக்கும் கல்விக்கும் எனத் தனியாக ஒரு கணிப்பொறி இருப்பின், பிள்ளைகள் அதில் முயன்று பார்க்கட்டும். அவர்களின் ஆர்வத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் ஜமாஅத்தின் பதிவேடும், பைத்துல்மால் கணக்கும், பிறருடைய கொடுக்கல் வாங்கல் விவரமும் உள்ள கணிப்பொறி ஓர் அமானிதம். அது தொழிற்சாலை நிர்ணயித்த வேகத்திலேயே இயங்கட்டும்.