லிப்ட் பம்ப் வாங்குவதற்கு முதல் ஒரு கேன் டீசல் எடுங்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. கெப் வைத்துத் தொழில் செய்பவர்களும் கராஜ் வைத்திருக்கும் தம்பிமாரும் கடைசிவரை வாசியுங்கள். மற்றவர்கள் உங்கள் வீட்டில் கெப் ஓட்டுகிறவருக்கு அனுப்பிவிடுங்கள்.

கொஞ்சக் காலமாக நம்ம பக்கத்தில் ஒரு கதை ஓடுகிறது. டீசல் கெப் இழுவை குறைந்தாலும், காலையில் ஸ்டார்ட் எடுக்கச் சுணங்கினாலும், ஏற்றத்தில் திணறினாலும் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொல்கிறார்கள். "எலக்ட்ரிக் லிப்ட் பம்ப் ஒண்டு போடுங்க, சரிவரும்." டேங்கிலிருந்து டீசலை எடுத்து எஞ்சின் பக்கம் தள்ளிவிடுகிற பம்பைத்தான் சொல்கிறார்கள். வட்ஸ்அப்பில் அமெரிக்க வீடியோக்கள் வருகின்றன. இளைஞர்கள் பார்க்கிறார்கள், ஆசைப்படுகிறார்கள், போடுகிறார்கள்.

நான் மெக்கானிக் இல்லை, விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆள். ஆனாலும் இந்த விஷயத்தில் எனக்கு ஓர் உறுதியான கருத்து உண்டு. சோதித்துப் பார்க்காமல் லிப்ட் பம்ப் போடுவது, காய்ச்சலுக்குக் காரணம் தேடாமல் பனடோல் போட்டுக்கொண்டே இருப்பது மாதிரி. இந்தப் பிழை கராஜ்காரர்களுடையது மட்டுமில்லை, நம்முடையதும்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நடந்த கதை.

என் தங்கச்சியின் மாப்பிள்ளை கல்முனைக் கரையில் மீன் ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போகிறவர். இரவில் ஐஸ் போட்டு ஏற்றினால் சுபஹுக்கு முதல் அங்கே நிற்க வேண்டும். சுணங்கினால் விலை இல்லை, இன்னும் சுணங்கினால் மீனே இல்லை. அவருடைய கெப் தரையான பாதையில் நன்றாக ஓடும். மஹியங்கனை தாண்டிப் பதினெட்டு வளைவு ஏறத் தொடங்கினால் இழுவை செத்துவிடும். அக்ஸிலேட்டரை மிதித்தாலும் பதில் இல்லை. ஓரமாக நிறுத்திப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் பண்ணினால் ஒன்றும் நடக்காத மாதிரி மறுபடி ஏறும். இரண்டு வளைவு போனதும் அதே கதை. நடுச்சாமத்தில், ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம், பின்னால் லொறி. தங்கச்சி இரவெல்லாம் போனைக் கையில் வைத்துக்கொண்டு முழித்திருப்பாள்.

ஒரு கராஜில் பில்டர் மாற்றினார்கள். சரிவரவில்லை. இன்னொரு கராஜில் லிப்ட் பம்ப் போடச் சொன்னார்கள். பம்ப், வயர், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தை நெருங்கியது. கைமாற்றுக் கேட்டு மச்சான் என்னிடம் வந்தார். அதனால்தான் எனக்கு இந்தக் கதையே தெரியும்.

பள்ளிவாசலில் என் பக்கத்தில் தொழுகிற ஒரு மூத்த பாஸ் இருக்கிறார். பஸ் டிப்போவில் டீசல் எஞ்சின்களோடு காலம் கழித்தவர். அவரிடம் கேட்டேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "கொஞ்ச நேரம் நிப்பாட்டி வெச்சா திரும்ப ஓடுதா சேர்?" ஓடுகிறது என்றேன். "அப்ப பம்ப் வாங்காதீங்க. முதல்ல சுத்தமான கேன்ல டீசல் எடுங்க" என்றார்.

மீன் இல்லாத ஒரு நாளில் மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு அதே பாதையில் போனார்கள். மஹியங்கனையில் நிறுத்தி, டேங்கிலிருந்து வரும் லைனைக் கழற்றிவிட்டு, பின்தட்டில் இறுக்கிக் கட்டிய கேனிலிருந்து பில்டருக்கு நேரே புது ஹோஸ் கொடுத்தார் பாஸ். திரும்பி வரும் டீசல் லைனையும் கேனுக்கே விட்டார். கெப் பதினெட்டு வளைவையும் ஒரு தடவைகூட நிற்காமல் ஏறியது.

கெப் அதே கெப், எஞ்சினும் பில்டரும் அதேதான். மாறியது டேங்கும் லைனும் மட்டும். அப்படியானால் குறை எங்கே என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

டேங்கை இறக்கினார்கள். உள்ளே டீசலை உறிஞ்சும் குழாயின் வலை முழுக்கக் கறுப்புச் சளியும் துருத்தூளும். டீசலில் தண்ணீர் சேர்ந்து நெடுநாள் கிடந்தால், தண்ணீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் கிருமி வளரும். அந்தச் சளிதான் இது. ஏற்றத்தில் எஞ்சின் கூடுதலாக டீசல் கேட்கும்போது அழுக்கெல்லாம் வலையில் வந்து ஒட்டிக்கொள்ளும். நிறுத்தினால் உறிஞ்சல் நின்று அழுக்குக் கீழே விழும். பாஸ் கேட்ட ஒற்றைக் கேள்வியின் விளக்கம் அதுதான். டேங்குக்கு மேலே ஒரு ரப்பர் ஹோஸும் வெடித்திருந்தது.

டேங்க் கழுவினோம், ஹோஸ் மாற்றினோம், புது கிளிப் போட்டோம், பில்டர் மாற்றினோம். பம்புக்குச் சொன்ன காசில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. அல்ஹம்துலில்லாஹ், அதற்குப் பிறகு வளைவில் நிற்கவில்லை.

இப்போது இதிலுள்ள விஞ்ஞானத்தைச் சொல்கிறேன்.

நம்ம நாட்டில் ஓடும் ஜப்பான், தாய்லாந்துக் கெப்கள் பலவற்றில் டேங்கருகே மின்சார பம்பே கிடையாது. எஞ்சினில் பூட்டியிருக்கும் பெரிய பம்புக்குள்ளேயே ஒரு சின்ன பம்ப் இருக்கும். அது டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சும். உறிஞ்சும் என்று சொன்னாலும், டீசலை மேலே தள்ளுவது உண்மையில் வளிமண்டல அமுக்கம்தான். ஸ்ட்ரோ போட்டு இளநீர் குடிக்கிற அதே வேலை. கடல்மட்டத்தில் அந்த அமுக்கம் ஏறத்தாழ 14.7 பீஎஸ்ஐ. அதற்கு மேல் ஒரு சொட்டு உதவியும் கிடைக்காது. ஸ்ட்ரோவில் பழச்சக்கை அடைத்தால் எவ்வளவு இழுத்தாலும் வராது. ஓட்டை விழுந்தால் காற்றுத்தான் வரும். கெப்புக்கும் அதே இரண்டு நோய்தான்: அடைப்பு, இல்லாவிட்டால் காற்று.

இந்த நிலையில் பின்னாலிருந்து தள்ளுகிற பம்பைப் போட்டால் என்ன நடக்கும்?

ஒன்று, கொஞ்ச நாளைக்கு ஓடும். அதுதான் ஆபத்து. சரிவந்துவிட்டது என்று நினைப்போம். டேங்கின் அழுக்கு அப்படியே இருக்கும், புது பம்ப் அதை இன்னும் பலமாக இழுக்கும். பம்ப் அடைத்து நின்றால், நின்றுபோன பம்புக்குள்ளால் டீசல் வருவதும் கஷ்டம். மறுபடி ஏதோ ஒரு வளைவில் நிற்பார் மச்சான்.

இரண்டு, உறிஞ்சும் லைனில் வெடிப்பு இருந்தால் காற்று உள்ளே போகும், டீசல் பெரிதாக வெளியே வராது. அதே லைனில் பின்னாலிருந்து தள்ளினால் டீசல் வெளியே சிந்தும். சைலன்சர் குழாய் பக்கத்தில் சிந்தினால் என்ன நடக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை.

மூன்று, உறிஞ்சுவதற்கென்று செய்த பம்புக்கு அளவுக்கு மிஞ்சித் தள்ளிக் கொடுத்தால் அதன் சீல் விட்டுவிடலாம். சில எஞ்சின்களில் அந்த டீசல் எஞ்சின் ஒயிலோடு கலக்கும். ஒயில் தண்ணீராகும், பெயாரிங் போகும். பழைய ரோட்டரி பம்ப் கெப்களில் பம்புக்குள் இருக்கும் அமுக்கத்தை வைத்துத்தான் டைமிங் மாறுகிறது. வெளியிலிருந்து கூடுதலாகத் தள்ளினால் அந்தக் கணக்கும் குழம்பும். இது தெரியாமல் பெற்றோல் காரின் பழைய பம்பைக் கொண்டுவந்து பூட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். பெற்றோல் இஞ்செக்ஷன் பம்ப் 40 பீஎஸ்ஐக்கு மேலேயும் தள்ளும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

அப்படியென்றால் அமெரிக்காக்காரன் பொய்யா சொல்கிறான்? இல்லை. அவனுடைய வாகனம் வேறு, அவனுடைய பிரச்சினை வேறு.

1998 நடுப்பகுதியிலிருந்து 2002 வரை வந்த டொட்ஜ் ராம் பிக்கப்களின் 5.9 லீற்றர் கம்மின்ஸ் எஞ்சினில் பொஷ் வீபி 44 என்ற இஞ்செக்ஷன் பம்ப் இருந்தது. அது குளிர்வதும் வழுவழுப்புப் பெறுவதும் தனக்குள் ஓடும் டீசலால்தான். அதற்கு டீசல் கொடுத்த மின்சார லிப்ட் பம்ப், டேங்குக்குத் தூரமாக எஞ்சின் பிளொக்கில் பூட்டப்பட்டிருந்தது. அது பலவீனமாகி அமுக்கம் இறங்கினாலும் சாரதிக்குத் தெரியாது. விலை கூடிய இஞ்செக்ஷன் பம்ப் செத்த பிறகுதான் தெரியவரும். அதனால்தான் அங்கே லிப்ட் பம்பை மாற்றிப் பலமானதைப் போடும் வழக்கம் வந்தது. இன்னொன்று, டியூராமெக்ஸ் டீசல் எஞ்சின் பூட்டிய பிக்கப்கள். 2001 முதல் 2016 வரை அவற்றுக்குத் தொழிற்சாலையிலிருந்தே லிப்ட் பம்ப் கிடையாது, நம்ம கெப் மாதிரி உறிஞ்சித்தான் எடுத்தன. எஞ்சினின் பலத்தைக் கூட்டுகிறவர்கள் தாங்களாகப் போட்டார்கள். 2017இல் வந்த புது எஞ்சினில் கம்பெனியே போட்டது.

ஆனால் அந்த வீடியோக்களை மறுபடி போட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவர்கள் பம்ப் போடுவதற்கு முன்பே டீசல் அமுக்கம் காட்டும் கேஜ் ஒன்றைப் பூட்டி அளந்துவிடுவார்கள். அளந்த பிறகுதான் வாங்குவார்கள். நாம் பம்பைப் பார்த்தோம், கேஜைப் பார்க்கவில்லை.

ஆகவே என் வேண்டுகோள். லிப்ட் பம்புக்குக் காசு கொடுப்பதற்கு முதல் இந்த ஒழுங்கில் பாருங்கள்.

1. டேங்க் மூடியைத் திறந்து ஓடிப் பாருங்கள். திறக்கும்போது காற்று உள்ளே இழுபட்டு, பிறகு கெப் நன்றாக ஓடினால் மூச்சுக்குழாய் அடைத்திருக்கிறது. செலவே இல்லை.

2. பில்டரின் அடியிலிருந்து தண்ணீர் வடித்துப் பாருங்கள். பில்டரை வெட்டி உள்ளே பாருங்கள். துரு, சளி இருந்தால் அது டேங்கின் கடிதம்.

3. பில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஓரடி கண்ணாடி ஹோஸ் போட்டுப் பாருங்கள். குமிழி ஓடினால் எங்கேயோ காற்று இழுக்கிறது. பார்த்து முடிந்ததும் கழற்றிவிடுங்கள்.

4. கேனில் ஓடிப் பாருங்கள். கேனை ஒருபோதும் சீட்டுப் பக்கம் வைக்காதீர்கள். தெரிந்த பாஸ் ஒருவர் இல்லாமல் செய்யாதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் அமுக்கம் குறைவு என்று கேஜ் காட்டினால், அல்லது தொழிற்சாலை லிப்ட் பம்ப் உள்ள வாகனத்தில் அது பழுதென்று தெரிந்தால், அல்லது எஞ்சினின் பலத்தைக் கூட்டியிருந்தால், தாராளமாகப் போடுங்கள். நான் எதிர்ப்பில்லை. டீசலுக்கென்று செய்த பம்ப், உங்கள் எஞ்சினுக்குச் சொன்ன அமுக்கம், பம்புக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கும் பில்டர், ரிலே, பியூஸ், எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும் சுவிட்ச். கடைசியாகச் சொன்னதை விடாதீர்கள். கெப் பிரண்டு கிடக்கும்போது பம்ப் மட்டும் டீசலை ஊற்றிக்கொண்டிருக்கக் கூடாது.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. தனியார் வாகனங்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் 2022ஐயும் நாம் கண்டோம். ஜூன் கடைசியில் ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபா, மண்ணெண்ணெய் 87 ரூபா. வரிசையில் நின்று பீப்பாயிலும் கேனிலும் சேர்த்தோம். மண்ணெண்ணெய் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. வழுவழுப்புக் குறைந்த அந்த எண்ணெய் பம்பைத் தேய்க்கும். அந்தக் காலத்துத் தண்ணீரும் துருவும் இன்னும் எத்தனை டேங்கில் கிடக்கிறதோ. இருக்கிற கெப்தான் பல குடும்பங்களின் அடுப்பு. கொமன் ரெயில் எஞ்சினில் அமுக்கம் 1,000 பாருக்கு மேல் போகும். அழுக்கு அதுவரை போய் பம்பும் இஞ்செக்டரும் அடிபட்டால், லீசிங் கட்டுகிற ஆள் எழும்ப மாட்டார்.

கடைசியாக, நம்முடைய பிழை.

அந்த மூத்த பாஸுக்கு மச்சான் கூலி கொடுக்கும்போது எனக்கு உறைத்தது இது. ஒரு பாஸ் அரை நாள் குனிந்து தேடி, ஒரு கிளிப்பை இறுக்கி, குறையைத் தீர்த்துவிட்டால் நாம் என்ன சொல்கிறோம்? "ஒரு கிளிப் இறுக்கினதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். அதே பாஸ் பளபளக்கும் பெட்டியில் ஒரு பம்பைக் கொண்டுவந்து பூட்டினால், கேட்ட காசைக் கொடுத்துவிட்டுப் படமும் எடுத்துப் போடுகிறோம். பிறகு கராஜ்காரன் ஏன் பார்ட்ஸ் விற்கப் பார்க்கிறான் என்று குறை சொல்கிறோம். அப்படிப் பழக்கியது நாம்தான். பிள்ளைகளுக்கு ரியூஷன் காசு கொடுக்கிற சமூகம், அறிவுக்குக் காசு உண்டு என்பதைக் கராஜ் வாசலில் மட்டும் மறந்துவிடுகிறது.

பார்த்துச் சொன்னதற்கும் கூலி கொடுங்கள். "என்ன குறை என்று கண்டுபிடித்துத் தாங்க, அதற்குத் தனியாகக் காசு தருகிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். கராஜ் தம்பிமாரே, நீங்களும் வெட்கப்படாமல் கேளுங்கள். அது ஹலாலான உழைப்பு. பம்ப் தேவையில்லாத இடத்தில் தேவையில்லை என்று சொல்வது, நம்பி வாகனத்தைத் தந்தவருக்கு நீங்கள் திருப்பிக் கொடுக்கும் அமானிதம்.

என் கருத்தில் பிழை இருந்தால் தொழில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். இந்த இரவும் மலையேறுகிற எல்லாச் சாரதிகளையும் அல்லாஹ் பத்திரமாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.